தொட்டியில் சுழன்ற உருளை

நம் சிறுநீரகங்கள் இரண்டும் இரவும் பகலும் இரத்தத்தைத் தூய்மை செய்துகொண்டிருக்கின்றன. அவை ஓய்ந்துவிடின், யூரியா முதலிய கழிவுகள் இரத்தத்தில் தேங்கி உயிரைக் குடிக்கும். இந்நிலையை வெல்ல மருத்துவ உலகம் வழியறியாதிருந்த காலத்தை நாம் சற்றே நினைவுகூர்வோம்.

1938-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் குரோனிங்கன் நகர மருத்துவமனையில் 22 வயது இளைஞன் ஒருவன் இவ்வாறு மாண்டான். மகன் பிழையான் என்பதை அவன் தாய்க்கு எடுத்துரைக்கும் துயரக் கடமை வில்லெம் கோல்ஃப் என்னும் இளம் மருத்துவரைச் சார்ந்தது. நாள்தோறும் சிறிதளவு யூரியாவை வெளியேற்ற வழியிருந்தால் இவன் பிழைத்திருப்பானே என்ற எண்ணம் அவரை விட்டு அகலவில்லை.

1940-இல் ஜெர்மானியப் படை ஹாலந்தைக் கைப்பற்றியது. தம் தலைவரான யூதப் பேராசிரியரின் இடத்தில் நாஜிக் கட்சியினர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர்கீழ்ப் பணியாற்ற மனமின்றிக் கோல்ஃப் காம்பன் என்னும் சிற்றூர் மருத்துவமனைக்குச் சென்றார். போர்க்காலப் பஞ்சத்தில் கிடைத்தவற்றைக் கொண்டே செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். இறைச்சிப் பண்டங்களுக்கு உறையாகும் செலோபேன் குழாயை ஓர் உருளையின்மீது சுற்றினார். நோயாளியின் இரத்தம் அக்குழாயுள் ஓட, உருளை உப்புநீர்த் தொட்டியில் சுழன்றது. செலோபேனின் நுண்துளைகள் வழியே யூரியா வெளியேறியது. இரத்த அணுக்கள் உள்ளேயே தங்கின.

1943 மார்ச்சில் முதல் சிகிச்சை நடந்தது. எனினும், முதல் 16 நோயாளிகளுள் இயந்திரத்தால் பிழைத்தார் என்று சொல்லத்தக்கவர் ஒருவரும் இலர். கோல்ஃப் சோர்ந்தாரில்லை. 1945 செப்டம்பரில் பதினேழாமவராக 67 வயது மாது ஒருவர் நினைவிழந்த நிலையில் கொணரப்பட்டார். நாஜிகளுக்குத் துணை நின்றமைக்காகச் சிறையில் இருந்தவர் அவர். ஊராரின் வெறுப்புக்கு ஆளான அம்மாதுக்கும் கோல்ஃப் தயங்காது சிகிச்சை அளித்தார். பல மணி நேரத்திற்குப் பின் மாது கண் விழித்தார். சிறுநீரகங்கள் மீண்டும் இயங்கின. சில ஆண்டுகள் வாழ்ந்தார்.

போர் முடிந்ததும், தாம் செய்த இயந்திரங்களைக் கோல்ஃப் பிற நாட்டு மருத்துவமனைகளுக்கு விலையின்றி வழங்கினார். 1950-இல் அமெரிக்கா சென்று, செயற்கை இருதய ஆராய்ச்சியிலும் ஈடுபட்டார். 1960-இல் சியாட்டில் நகர மருத்துவர் ஸ்கிரிப்னர், இரத்தக் குழாய்களில் நிலையாகப் பொருத்தும் இணைப்பைக் கண்டார். அதனால் நாட்பட்ட நோயாளிகளும் மீண்டும் மீண்டும் சிகிச்சை பெற முடிந்தது. இவ்விருவருக்கும் 2002-இல் லாஸ்கர் விருது கிடைத்தது. 2009-இல், தம் 97-ஆம் வயதில், கோல்ஃப் மறைந்தார்.

நோயாளியின் குற்றத்தை எடைபோடுவது நீதிமன்றத்தின் பணி. அவர் உயிரைக் காப்பது மருத்துவரின் பணி. இவ்வேறுபாட்டை அவர் மறவாதிருந்ததனாலன்றோ, அந்த உருளையின் முதல் வெற்றி நமக்குக் கிட்டியது!