யாருக்கு முதல் வாய்ப்பு?

எங்க வேங்கிக்கால்ல, திண்ணையில் சாக்பீஸால் கோடு போட்டு ஆடுபுலி ஆட்டம் ஆடுவோம். புலி 3, ஆடு 15. சண்டை எப்பவும் ஒரே இடத்துலதான் வரும்: எல்லா ஆட்டையும் வைக்கிறதுக்கு முன்னாடி, வெச்ச ஆட்டை நகர்த்தலாமா? கூடாது. 15 ஆடும் களத்துல இறங்கின பிறகுதான் நகர்த்தணும். ஆனா எங்க தெருவுல, பெரிய அண்ணன் நகர்த்தினா அதுவும் செல்லும்.

1994-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய ரத்தக்காட்டேரி சீட்டாட்டம் ‘ஜிஹாத்’. அடுத்த வருஷமே அதுக்கு ‘வாம்பயர்: தி எடர்னல் ஸ்ட்ரகிள்’னு பேர் மாத்தினாங்க. நாலைந்து பேர் வட்டமா உட்காரணும். இடப்பக்கம் இருப்பவர் உங்க இரை. வலப்பக்கம் இருப்பவருக்கு நீங்க இரை. ஒரே நேரத்துல ரெண்டு பேர் சீட்டை வீசினா? யார் முறையோ, அவருக்கே முதல் வாய்ப்பு. அடுத்து, தாக்கப்படுபவருக்கு. பிறகு மத்தவங்களுக்கு, கடிகாரச் சுற்றில். நடுவுல யாராவது சீட்டு போட்டா, வாய்ப்பு மறுபடி முதல் ஆளுக்கே போகும்.

வேகமான கையும் சத்தமான குரலும் இங்கே செல்லாது. இப்படி வரிசையை எழுதி வைக்கிறதே சத்தம் போடத் தெரியாத ஆளுக்காகத்தான். எங்க திண்ணையில் யாரும் எழுதி வைக்கலை. சின்னப் பசங்க நாங்க, கையில் புலியை வெச்சிருந்தும் தோத்துக்கிட்டே இருந்தோம்.