டேராடூன் மருந்தும் மிச்சிகன் மரத்தளமும்

டெக் என்று சொன்னால் என் வயதுக்காரர்களுக்கு முதலில் கப்பல்தான் நினைவுக்கு வரும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலில் போன பெரியவர்கள் மேல் டெக்கில் நின்று காற்று வாங்கிய கதையைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சொல் டச்சுக்காரர்களுடையது. மூடுவது, போர்த்துவது என்று பொருள். கப்பலின் வயிற்றை மூடிய பலகை வரிசைக்கு அந்தப் பெயர் வந்தது. அந்தப் பலகைக்கு உலகிலேயே உயர்ந்த மரம் என்று பெயர் வாங்கியது நம் பக்கத்துத் தேக்கு. 'டீக்' என்ற ஆங்கிலச் சொல்லே மலையாளமும் தமிழும் பகிர்ந்துகொள்ளும் தேக்கிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாகப் போனதுதான்.

அமெரிக்காவில் இன்று டெக் என்றால் கப்பல் இல்லை. வீட்டின் பின்பக்கம், சமையலறைக் கதவைத் திறந்தால் காலடியில் வரும் பலகைத் தளம். நாலு நாற்காலி, ஒரு மேஜை, ஓர் அடுப்பு. மாலை நேரத்தில் குடும்பம் அங்கேதான்.

மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் என் மகள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. 1996ல் கட்டிய வீடு. 12 அடிக்கு 16 அடி டெக். பின்பக்கம் நிலம் சரிவதால் தரையிலிருந்து ஐந்தடி உயரம். பேத்திக்கு ஆகஸ்டில் முதல் பிறந்தநாள், நாற்பது பேரை அழைத்து டெக்கிலேயே கொண்டாடுவது என்று ஏற்பாடு. அதற்குள் யாரோ மகளிடம், "அந்தக் காலத்து டெக் மரத்தில் ஆர்சனிக் இருக்கும், குழந்தையைத் தவழ விடாதே" என்று சொல்லிவிட்டார்கள். ஆர்சனிக் என்றால் நம் ஊர் நாட்டு வைத்தியர் பாஷாணம் என்பாரே, அந்த வகையறா. மாப்பிள்ளை, "ரெண்டு கோட் ஸ்டெயின் அடிச்சா போதும் மாமா" என்றார். மகள், "அப்பா, நீங்க சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினாள்.

என்னிடம் கேட்டதில் நியாயம் உண்டு. ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ.யாக இருப்புப்பாதையோடு குப்பை கொட்டியவன் நான். கான்கிரீட் கட்டைகள் வருவதற்கு முன்னால் தண்டவாளத்தைத் தாங்கியது மரம். வெயிலிலும் மழையிலும் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் மரம் எப்படிச் சாகும் என்பது எங்கள் தொழிலில் பாதி.

மரத்தைத் தண்ணீர் அழிப்பதில்லை, காளான் அழிக்கிறது. அதற்கு ஈரம் வேண்டும், காற்று வேண்டும், கொஞ்சம் சூடு வேண்டும், தின்ன மரம் வேண்டும். நான்கில் ஒன்று இல்லையென்றாலும் அது வாழாது. அதனால்தான் எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் மரம் காற்றில்லாமல் தப்பிக்கிறது. கூரைக்குள் உலர்ந்த உத்திரமும் நூறு வருஷம் நிற்கிறது. மண்ணும் காற்றும் சந்திக்கும் இடத்தில்தான் தூண் அறுந்து விழும். வேலிக்கால் நட்டவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள்.

இதற்கு மருந்து கண்டுபிடித்த கதைதான் டெக்கின் உண்மையான சரித்திரம். இங்கிலாந்தில் ஜான் பெத்தல் என்பவர் 1838ல் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். மரக்கட்டைகளைப் பெரிய இரும்பு உருளைக்குள் தள்ளி, கதவை அடைத்து, முதலில் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது. பிறகு கிரியோசோட் என்ற தார் எண்ணெயை விட்டு அழுத்தம் கொடுப்பது. எண்ணெய் மரத்தின் உள் நரம்புவரை இறங்கும். நம் நாட்டு ரயில்வேக்கும் இந்த ஆலைகள் வந்தன: பஞ்சாபில் தில்வான், அஸ்ஸாமில் நஹர்கட்டியா, சுதந்திரத்துக்குப் பின் உத்தரப் பிரதேசத்தில் கிளட்டர்பக்கஞ்ச், 1957ல் நமக்குப் பக்கத்திலேயே பாலக்காட்டை ஒட்டிய ஒலவக்கோடு. புதுக்கட்டை இறங்கிய வண்டியின் பக்கம் போனால் அந்தத் தார் வாசனை சட்டையிலேயே தங்கிவிடும். ரயில் பாதைக்குச் சரி. அந்தக் கட்டையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து யாராவது காபி குடிக்க முடியுமா?

வாசனை இல்லாத, கையில் ஒட்டாத மருந்து வேண்டும். தாமிரம் காளானைக் கொல்லும், ஆர்சனிக் கரையானைக் கொல்லும் என்பது முன்பே தெரியும். ஆனால் இரண்டும் உப்பாகத் தண்ணீரில் கரைபவை. நாலு மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். இந்த முடிச்சை அவிழ்த்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்த சொண்டி காமேசம் என்ற இந்தியர். 1933ல் தாமிரத்தோடும் ஆர்சனிக்கோடும் குரோமியம் உப்பைச் சேர்த்தார். குரோமியம் மரத்தோடு வினைபுரிந்து மற்ற இரண்டையும் உள்ளேயே கட்டிப் போட்டுவிட்டது. ஆர்சனிக்கின் ரசாயனக் குறி 'ஆஸ்', தாமிரத்துக்கு 'கு'. சேர்த்து 'ஆஸ்கு' என்று பெயர். 1938ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அங்கே முதலில் இது போனது டெலிபோன் கம்பங்களுக்கு.

நம் நாட்டில் காமேசம் பெயரைப் பாடப் புத்தகத்தில் யாராவது படித்திருக்கிறோமா? நான் படித்ததில்லை. அமெரிக்காவில் கோடிக்கணக்கான மக்கள் அவருடைய மருந்தின்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் தெரியாது.

கம்பத்திலிருந்து வீட்டுக் கொல்லைக்கு மருந்து வந்ததற்கு வேறொரு காரணம் இருக்கிறது. அமெரிக்க வீட்டுக்கும் ஒரு காலத்தில் திண்ணை இருந்தது. முன்பக்கம், தெருவைப் பார்த்து, கூரை போட்ட போர்ச். சாயங்காலம் குடும்பம் அங்கே உட்காரும், போகிற வருகிறவர்களோடு பேசும். நம் திண்ணைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கார் வந்தபின் தெருவில் நடப்பவர்கள் குறைந்து புழுதியும் சத்தமும் கூடின. ரேடியோவும் டெலிவிஷனும் ஏசியும் ஆட்களை உள்ளே இழுத்தன. இரண்டாம் உலகப்போர் முடிந்து புறநகர்களில் வரிசை வரிசையாகக் கட்டிய சிறு வீடுகளில் முன் போர்ச்சையே விட்டுவிட்டார்கள். உட்காரும் இடம் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டது. நம் ஊரில் கொல்லைப்புறம் என்றால் கிணறு, மாடு, துவைகல், குப்பைக்குழி. விருந்தாளி எட்டிப் பார்க்காத இடம். அமெரிக்கனுக்கோ விருந்தாளியை நேராக அங்கேதான் அழைத்துப் போக வேண்டும்.

இதற்கு அழகான வடிவம் கொடுத்தவர்கள் கலிபோர்னியாவின் தோட்ட வடிவமைப்பாளர்கள். அவர்களில் தலையாயவர் தாமஸ் சர்ச். 1948ல் சோனோமாவில் டானல் குடும்பத்துக்கு அவர் அமைத்த தோட்டத்தில், நின்றிருந்த ஓக் மரங்களை வெட்டாமல், அவை ஊடே எழும்படி ரெட்வுட் பலகையில் தளம் போட்டார். அந்தப் படங்கள் நாடு முழுக்கப் பரவின. ரெட்வுட் தானாகவே அழுகலைத் தாங்கும் மரம். ஆனால் விலை அதிகம், கலிபோர்னியாவை விட்டால் கிடைப்பதும் அருமை. மற்ற மாநிலத்துச் சம்பளக்காரன் என்ன செய்வான்? தெற்கே மலிவாக விளையும் பைன் மரம், மருந்தைக் குடித்தால் குடித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பைனும் காமேசம் மருந்தும் சேர்ந்த பிறகு, 1970களிலிருந்து, சனி ஞாயிறில் சுத்தியலைப் பிடிக்கத் தெரிந்தவனெல்லாம் டெக் கட்டிக்கொண்டான். லேசான பச்சைச் சாயல் அடிக்கும் அந்தப் பலகைக்கு.

அப்புறம் குழந்தைகள் பேச்சு வந்தது. பலகையின் மேல்பரப்பிலிருந்து கொஞ்சம் ஆர்சனிக் கைக்கு வருகிறது, விளையாடும் குழந்தை கையை வாயில் வைக்கும் என்று ஆராய்ச்சிகள் சொல்ல, 2003 டிசம்பர் 31க்குப் பிறகு வீட்டு உபயோக மரத்துக்கு அந்த மருந்தை ஏற்றுவதில்லை என்று உற்பத்தியாளர்களே அரசோடு ஒத்துக்கொண்டார்கள். இப்போது பெரும்பாலும் தாமிரத்தை அடிப்படையாகக் கொண்ட வேறு மருந்துகள். ஏற்கெனவே கட்டியவற்றை இடிக்க வேண்டியதில்லை, உள்ளிறங்கும் எண்ணெய்ப் பூச்சை அவ்வப்போது அடியுங்கள், கையைக் கழுவுங்கள், அந்த மரத்தை ஒருபோதும் எரிக்காதீர்கள் என்பதுதான் அரசின் யோசனை. ஆக மாப்பிள்ளை சொன்னதில் தவறே இல்லை.

ஆனால் நான் ஒரு டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு டெக்குக்கு அடியில் போனேன். கட்டையைத் தட்டிப் பார்ப்பதும் குத்திப் பார்ப்பதும் பழக்கதோஷம். கால்கள் நன்றாகத்தான் இருந்தன. காமேசம் மருந்து கால் நூற்றாண்டு தாண்டியும் வேலை செய்துகொண்டிருந்தது. கோளாறு வேறிடத்தில். டெக்கின் ஒரு பக்கத்தைக் கால்கள் தாங்கும். மறுபக்கத்தை வீட்டுச் சுவரோடு சேர்த்த ஒரு நெடுங்கட்டை தாங்கும். லெட்ஜர் என்று அதற்குப் பெயர். கட்டியவர் அதை வெறும் ஆணியால் அறைந்திருந்தார். போல்ட் ஒன்றுகூட இல்லை. மழைத்தண்ணீர் இடுக்கில் இறங்காமல் மேலே வைக்க வேண்டிய தகடும் இல்லை. ஆணிகள் துருவேறி இருந்தன. பின்னால் இருந்த வீட்டு மரத்தில், அதற்கு மருந்து கிடையாது, ஸ்க்ரூடிரைவர் அரை அங்குலம் சும்மா இறங்கியது.

கணக்குப் போட்டுக் காட்டினேன். இங்கே விதிப்படி டெக் சதுர அடிக்கு 40 பவுண்டு தாங்க வேண்டும். 192 சதுர அடிக்கு 7,680 பவுண்டு, ஏறக்குறைய 3,480 கிலோ. நாற்பது பேர் ஏறினால் 2,800 கிலோ என்று வையுங்கள், அதில் பாதி அந்த ஆணிகள்மேல். டெக்குகள் சரிந்து விழுந்த செய்திகளில் பெரும்பாலும் இந்த இணைப்புதான் கழன்றிருக்கும். சிகாகோவில் 2003 ஜூனில் ஒரு விருந்தின்போது மூன்று மாடி மர போர்ச் இடிந்து 13 பேர் இறந்தார்கள். கூட்டம் அதிகம் என்றது ஒரு தரப்பு, கட்டியதே சரியில்லை என்றது இன்னொரு தரப்பு. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆர்சனிக்கைவிட ஆணிதான் ஆபத்துங்கறீங்க" என்றார். பிறந்தநாள் பூங்காவுக்கு மாறியது. டெக் இறங்கியது.

புது டெக்குக்குத் திட்டம் போடுகையில் எல்லோருக்கும் ஓர் ஆசை. என் மனைவிக்கு, பக்கத்து வீட்டார் பார்க்காமல் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இந்தக் குடியிருப்பில் வேலி போட விதி இடம் கொடுப்பதில்லை. மூன்று வீட்டு ஜன்னல்கள் நம்மைப் பார்த்தபடி. அதனால் டெக்கை வீடு 'ட'னா போல் மடங்கும் மூலைக்குள் தள்ளினோம். இரண்டு பக்கம் சுவரே மறைப்பு. மூன்றாம் பக்கம் மரச்சட்டப் பின்னல் தட்டி. காற்று போகும், கண் போகாது. நான்காம் பக்கம் திறந்தே இருக்கட்டும் என்றேன், அங்கே ஒரு மேப்பிள் மரம். நர்சரிக்காரர் ஆர்பர்விட்டே என்ற பசுமை மாறா மரத்தை வரிசையாக நடச் சொன்னார். இங்கே மான்களுக்கு அது அல்வா மாதிரி என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். விட்டுவிட்டோம்.

எனக்குச் சுவாரசியமாக இருந்தது அடித்தளம்தான். மிச்சிகன் குளிரில் மண்ணே உறையும். மண்ணிலுள்ள தண்ணீர் பனிக்கட்டியாகி, கீழேயிருந்து மேலும் தண்ணீரை இழுத்து, அடுக்கடுக்காகப் பருத்துத் தூணை மேலே தூக்கிவிடும். வசந்தத்தில் இறக்கும், ஒவ்வொரு தூணையும் ஒவ்வோர் அளவுக்கு. நம் கோவில்பட்டிக் கரிசலை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மழைக்கு வீங்கி, கோடைக்கு வெடித்து, ரயில் பாதையை அது ஆட்டி வைத்த ஆட்டம் எத்தனை! இங்கே உறையும் ஆழத்துக்குக் கீழே போய்விட வேண்டும். விதி 42 அங்குலம், அதாவது மூன்றரை அடி. அதன்மேல் கான்கிரீட், கான்கிரீட்டுக்கு மேல் இரும்புக் கொண்டி, கொண்டியில்தான் மரத்தூண். மரம் மண்ணைத் தொடாது.

புது மருந்தில் தாமிரம் கூடுதல் என்பதால் சாதாரண இரும்பு ஆணியை அது தின்றுவிடும். கனமாக நாகம் பூசிய போல்ட்டு, ஆணி, கொண்டிதான் போட வேண்டும். லெட்ஜருக்குப் பின்னாலிருந்த அழுகலை வெட்டியெடுத்துப் புது மரம் வைத்து, அரை அங்குல போல்ட்டு, மேலே தகடு. உயரம் இருப்பதால் 36 அங்குலக் கைப்பிடி. கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலத்துக்குள் இடைவெளி, குழந்தை தலை நுழையாமல் இருக்க. மேல்பலகைக்கு நான் சீடர் மரம் கேட்டேன். மகள், சிராய் ஏறாது என்று மரத்தூளும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த பலகையைத் தேர்ந்தெடுத்தாள். வெயிலில் கால் சுடும், பார்க்க மரம் மாதிரி இருக்கும், தட்டினால் மரச்சத்தம் வராது. குழந்தை அவளுடையது, டெக்கும் அவளுடையது.

பழைய பலகைகளைத் தனி வண்டி வந்து குப்பைக் கிடங்குக்கு எடுத்துப் போயிற்று. எட்டுக் குழி தோண்டியாகிவிட்டது. டவுன்ஷிப் இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொன்றிலும் டேப்பை விட்டு ஆழம் அளந்த பிறகுதான் கான்கிரீட் ஊற்றலாம். வியாழக்கிழமை காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் நான் ஒரு தடவை அளந்து வைத்துவிட்டேன். ஏழில் 42க்கு மேல் இருக்கிறது. ஒன்றில் மட்டும் ஒரு பாறை. இன்னும் இரண்டு அங்குலம் போக வேண்டும். மாப்பிள்ளை கடப்பாரை வாங்கப் போயிருக்கிறார்.