ஏரிக்கு ஒரு பெயர், மைதானத்துக்கு ஒரு பெயர்

"நீதான் சரித்திரம் படிச்சவன், மலருக்கு ஏதாவது எழுதிக் குடுப்பா, ஆனா பழைய கதை வேண்டாம்" என்றார்கள் மலர்க் குழு நண்பர்கள். பழைய கதை இல்லாமல் சரித்திரம் ஏது? ஆனாலும் அவர்கள் சொல்லைத் தட்டாமல், இந்தப் பொதுக்குழுவில் பேசப்படவிருக்கும் சமாச்சாரத்தை ஒட்டியே எழுதுகிறேன். நம் கல்லூரி மைதானத்தைச் சீர்செய்து தர ஒரு கம்பெனி முன்வந்திருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு மைதானம் அவர்கள் பெயரில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. "காசு வருது, பேர்தானே, வச்சுக்கட்டுமே" என்று ஒரு கட்சி. "நம்ம மைதானத்துக்கு எவன் பேரோ எதுக்கு?" என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் என் நண்பர்கள் இருக்கிறார்கள்.

நான் உத்திரமேரூர்க்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். ஊர்ப் பெயரைச் சொன்னதும் எல்லோரும் குடவோலை என்பார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அவை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. அவ்வளவாகப் பேசப்படாதது எங்கள் ஏரி. அதற்குக் கல்வெட்டில் பெயர் வைரமேக தடாகம். வைரமேகன் என்பது பல்லவ மன்னன் தந்திவர்மனின் விருதுப் பெயர். ஆக, ஏரிக்கு அரசன் பெயர் வைக்கும் வழக்கம் ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பே இருந்திருக்கிறது.

பெயரோடு விட்டிருந்தால் ஏரி என்றோ தூர்ந்து போயிருக்கும். அப்படி விடவில்லை. ஏரியைத் தூர் எடுக்கவென்றே பலர் பொன் கொடுத்திருக்கிறார்கள். முதலில் கை வைக்கக் கூடாது, வட்டியில்தான் வருஷா வருஷம் வேலை நடக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஊர்ச் சபையில் ஏரி வாரியம் என்று ஒரு குழு. கொடுத்தவன் பெயர் கல்லில், பணம் சபையின் பொறுப்பில், வேலை ஏரியில். இன்றைக்கு நாங்கள் யாரும் வைரமேகன் என்று சொல்வதில்லை, ஏரி என்றுதான் சொல்கிறோம். ஏரி இருக்கிறது.

இனி விளையாட்டுக்கு வருவோம். நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கத்துக்கு நம்மில் சிலர் போயிருப்போம். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. அங்கே 1997-ல் வந்த சர்வதேச டென்னிஸ் போட்டிக்கு 'கோல்ட் ஃப்ளேக் ஓப்பன்' என்று பெயர். சிகரெட் பெயரில் டென்னிஸ்! "ரெண்டு பஃப் இழுத்துட்டு ஒரு செட் ஆடிப் பாரு, தெரியும்" என்று கேலி பேசினோம். அதற்கு முந்தின வருஷம் உலகக் கோப்பை கிரிக்கெட்டே 'வில்ஸ்' பெயரில்தான் நடந்தது. கோல்ட் ஃப்ளேக் பெயர் 2001 வரை இருந்தது. 2002 முதல் 2004 வரை 'டாட்டா ஓப்பன்'. 2005 முதல் 2009 வரை வெறும் 'சென்னை ஓப்பன்'. 2010 முதல் 'ஏர்செல் சென்னை ஓப்பன்'. இடையே 2003-ல் வந்த சட்டம் புகையிலைக் கம்பெனிகளின் விளையாட்டு உபயத்துக்கே முற்றுப்புள்ளி வைத்தது.

பெயர் மாறியதில் எனக்கு வருத்தமில்லை. மோயாவும் வாவ்ரிங்காவும் ஆடியதை மாடியிலிருந்து பார்த்தவனுக்கு முகப்பில் எந்தப் பெயர் இருந்தால் என்ன? வருத்தம் 2017 போட்டியோடு வந்தது. 2018-ல் போட்டி புனேக்குப் போய்விட்டது. அங்கே மறுபடி டாட்டா பெயர். அதே 2018-ல் ஏர்செல் திவால் மனு கொடுத்தது. 21 வருஷம் நம் ஊரில் நடந்த போட்டியின் உரிமம் நம் கையில் இருந்ததே இல்லை. அரங்கம் மட்டும் நம்முடையது, அதனால் அது நின்றது. 2022-ல் பெண்கள் போட்டி அதே அரங்கத்துக்கு வந்தது.

ஐந்து வருஷம் என்கிறார்களே, அதையும் பார்ப்போம். ஐ.பி.எல். போட்டிக்கு 2008-ல் டி.எல்.எஃப். ஐந்து வருஷத்துக்கு 200 கோடி ரூபாய் கொடுத்துப் பெயர் வாங்கி, தவணையை முடித்துவிட்டுத்தான் போனது. அடுத்து 2013-ல் பெப்சி, அதுவும் ஐந்து வருஷத்துக்கு. மூன்று வருஷத்திலேயே விலகியது. பின்பு விவோ, 2018 முதல் ஐந்து வருஷத்துக்கு 2,199 கோடி. 2020-ல் எல்லையில் சீனாவோடு தகராறு, அந்த வருஷம் பெயர் ட்ரீம் லெவனுக்கு. 2022-ல் டாட்டா. மூன்று ஐந்தாண்டு ஒப்பந்தங்களில் ஒன்றுதான் முழுசாக ஓடியது. அவர்களுக்கு அடுத்த ஆள் வரிசையில் நிற்கிறான். நமக்கு நிற்பானா?

கம்பெனி என்றாலே பாதியில் ஓடிவிடும் என்று சொல்ல வரவில்லை. சேத்துப்பட்டில் கிறிஸ்தவக் கல்லூரிப் பள்ளி மைதானத்தில் 1987-ல் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியது. டென்னிஸ் லில்லி வந்து கற்றுக்கொடுத்தார். 2012 வரை கால் நூற்றாண்டு அவர் பொறுப்பு, பிறகு மெக்ராத். ஸ்ரீநாத், ஜாகீர்கான் எல்லாம் அங்கே பந்து வீசிப் பழகியவர்கள். பெயர் அந்தக் கம்பெனியுடையதுதான். ஆனால் அந்தப் பெயர் ஒரு பலகையில் மட்டும் இல்லை, வருஷா வருஷம் செலவாகும் ஒரு வேலையில் இருந்தது.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வாலிபால் போட்டிக்கு 'நினைவுச் சுழற்கோப்பை' வைப்பார்கள். அப்பா பெயரில் கோப்பை வைத்த பிள்ளை பட்டணத்திலிருந்து பணம் அனுப்பும் வரை அந்தப் பெயரை மைக்கில் அலறுவார்கள். பணம் நின்றால் அடுத்த பொங்கலுக்கு வேறு பெயர். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து 'உபயம்' எழுதிய கதை உங்களுக்கும் தெரியும். அந்த லைட் ஃப்யூஸ் ஆனால் மாற்றுவது யார் என்று மட்டும் அதில் எழுதியிருக்காது.

ஆகவே நண்பர்களே, பெயர் வைப்பதை நான் எதிர்க்கவில்லை. கம்பெனி தரும் தொகையில் பாதியைச் சங்கத்தின் பெயரில் வைப்பாகப் போட்டு, வட்டியை மட்டும் மைதானத்துக்குச் செலவழிப்பது என்றும், மைதானத்தின் உரிமை எந்தக் காலத்திலும் கல்லூரியை விட்டுப் போகாது என்றும் எழுதித் தருவார்களானால் என் கையை முதலில் தூக்குவேன். அதற்கு முன், கம்பெனியிலிருந்து வரும் பெரியவரிடம் கூட்டத்தில் ஒன்று கேட்கலாம் என்றிருக்கிறேன்: "ஐயா, ஆறாவது வருஷம் புல் வெட்டுறது யாருங்க?"