பற்றறி தீர்ந்தால் செத்துப்போகும் கேம்கள்

பழைய ஆர்கேட் கேம்களை வீட்டு ரிவியில் ஓடவைக்கிற ஆக்கள் அதற்கு ஒரே காரணத்தைத்தான் சொல்லுவினம்: சின்ன வயது ஞாபகம். அன்று கடையில் நாணயம் போட்டு விளையாடினதை இன்று திரும்ப விளையாடிப் பார்க்கிற ஆசை. டோக்கியோவிலோ சிக்காகோவிலோ வளர்ந்தவருக்கு இது சரி. கொழும்புத்துறையில் இருக்கிற எங்களுக்கு?

ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. டைட்டோ நிறுவனத்தின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' 1978இல் வந்தது. நம்கோவின் 'பக்-மான்' 1980இல். அடுத்த வருடம் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. கப்கொம் 1991இல் 'ஸ்ட்ரீட் ஃபைற்றர் 2' ஐ வெளியிட்டபோது குடாநாட்டில் மின்சாரமே இல்லை. அது 1990இல் நின்றுபோனது. பொருளாதாரத் தடையில் பற்றறியும் அடக்கம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் ரேடியோ கேட்டதை எங்கட வீடுகளில் பெரியாக்கள் இப்பவும் சொல்லுவினம். 1995 ஒக்ரோபர் 30இல் அந்தச் சைக்கிளிலேயே மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டவை. ஆர்கேட்டின் பொற்காலம் என்று உலகம் சொல்லுகிற காலத்தில், அந்தப் பெட்டியைச் செருக எங்களிடம் ஒரு பிளக் கூட இல்லை. எங்களுக்கு இது திரும்பிப் பார்க்கிற வேலை இல்லை, முதல்தரம் பார்க்கிற வேலை.

தேவையானது கொஞ்சம்தான். ஒரு ராஸ்பெரி பை, எஸ்டி காட், ஒரு ஜொய்ஸ்ரிக். காட்டில் ரெட்ரோபை என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் மெனு வந்துவிடும். இதற்கான வழிகாட்டி வீடியோக்கள் நிறைய இருக்குது, அதை விட்டுவிடுவம். எல்லாரும் முட்டுப்படுகிற இடம் வேறு. கேம் கோப்பு சரியாகவே இருக்கும், ஆனால் ஓடாது. கறுப்புத் திரை வரும், பிறகு மெனுவுக்கே திரும்பிவிடும்.

அதற்கான காரணத்துக்குள்தான் ஒரு வரலாறு ஒளிந்திருக்குது. ஆர்கேட் கேமின் ஸிப் கோப்பைத் திறந்தால் உள்ளே பல சின்னக் கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் அந்தப் பெட்டிக்குள் இருந்த ஒரு ரொம் சிப்பின் பிரதி. நிக்கோலா சல்மோரியா என்ற இத்தாலியர் 1997 பெப்ரவரியில் 'மேம்' என்ற மென்பொருளின் முதல் பதிப்பை வெளியிட்டார். அன்றிலிருந்து தன்னார்வலர்கள் பழைய பலகைகளைத் தேடி, சிப் சிப்பாகப் படித்துச் சேர்த்துக்கொண்டு வருகினம். ஒரு சிப் முன்பு பிழையாகப் படிக்கப்பட்டது என்று தெரிந்தால், அடுத்த பதிப்பில் அந்தக் கோப்பு மாறும். அதனால் ரெட்ரோபையில் இருக்கிற 'மேம் 2003' க்கு 0.78 என்ற பதிப்பின் கோப்புகள்தான் பொருந்தும், இன்றைய கோப்புகளில் பல பொருந்தாது. ஒரு நூலின் முதலாம் பதிப்பும் திருத்திய பதிப்பும் மாதிரி.

மேம் குழுவினர் தங்கட நோக்கம் அந்த இயந்திரங்களை ஆவணப்படுத்துவது என்றும், விளையாட முடிவது அதன் பக்கவிளைவு என்றும் சொல்லுவினம். கொஞ்சம் மிகை என்று தோன்றலாம். ஸ்பேஸ் இன்வேடர்ஸை எடுத்துக்கொண்டால் விளங்கும். எதிரிகளைச் சுடச்சுட மிச்சம் இருப்பவை வேகமாக வரும். அதை யாரும் திட்டமிட்டு எழுதவில்லை. வரைய வேண்டிய உருவங்கள் குறையக் குறைய, 2 மெகாஹேர்ட்ஸ் செயலிக்குச் சுமை குறைந்ததால் வந்த வேகம் அது. பக்-மானில் 256ஆவது கட்டத்தில் பாதித் திரை குப்பையாகிவிடும், கட்டத்தை எண்ணுகிற 8 பிட் எண் நிரம்பி வழிவதால். நல்ல எமுலேற்றர் இந்த இயலாமையையும் பிழையையும் சேர்த்தே காப்பாற்ற வேணும். திருத்தினால் அது வேறு கேம்.

இனி தலைப்பில் சொன்ன பற்றறிக்கு வருவம். கப்கொம் 1993இல் கொண்டுவந்த சிபிஎஸ்-2 பலகையில் கேம் நிரல் பூட்டப்பட்டிருந்தது. திறப்பு, பற்றறியில் உயிர்வாழும் ஒரு நினைவகத்தில் இருந்தது. பற்றறி தீர்ந்தால் திறப்பு அழியும், கேம் செத்துவிடும். கள்ளப் பிரதியைத் தடுக்கச் செய்த வேலை, காசு கொடுத்து வாங்கினவரின் பெட்டியையும் சேர்த்துக் கொன்றது. 2001 அளவில் ஒரு குழு பூட்டை உடைக்கத் தொடங்கியது. 2007இல் அந்தப் பூட்டின் கணித முறையே முழுதாக வெளிப்பட்டது, அதைச் செய்த இருவரில் சல்மோரியாவும் ஒருவர். பற்றறிக்குத் தடை இருந்த ஊரில் இருந்து இதை வாசிக்கும்போது சிரிப்பும் வருகுது, வேறு என்னவோவும் வருகுது.

உரிமை எங்கே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். மேம் மென்பொருள் சட்டப்படி சரி. கேம் கோப்புகளில் பெரும்பாலானவை இன்னும் நிறுவனங்களின் சொத்து, எங்கட நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் மென்பொருளைப் பாதுகாக்குது. 'ரொபி ரோட்டோ', 'கிரிட்லி' போன்ற சிலவற்றை வர்த்தகமில்லாத பாவனைக்கு உரிமையாளர்களே அனுமதித்திருக்கினம். தொடங்குகிறவர்கள் அதில் தொடங்கலாம். ஆனால் சிபிஎஸ்-2 கதையில், தன் கேமைத் தானே சாகவைத்தது உரிமையாளர். காப்பாற்றினது அனுமதி கேட்காத ஆக்கள். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

மேமில் எனக்குப் பிடித்த இன்னொன்று, அது கள்ளப் பிரதிகளையும் தனித்தனியாகப் பதிவுசெய்வது. ஸ்ட்ரீட் ஃபைற்றர் 2இன் 'ரெயின்போ' என்ற கள்ளத் திருத்தத்தில் ஆகாயத்தில் நின்றபடியே நெருப்புப்பந்து எறியலாம். அந்த வேகத்துக்குச் சனம் பழகிவிட்டதால், கப்கொம் 1992இல் வேகமான பதிப்பொன்றைத் தானே வெளியிட வேண்டி வந்தது. கள்ளப் பிரதியை அழித்தால் அசலின் வரலாறும் விளங்காது.

2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளமும் இதே மாதிரித்தான், கையில் கிடைத்ததை எல்லாம் ஸ்கான் செய்து சேர்த்தது. திருமண மலர், துண்டுப்பிரசுரம் என்று ஒன்றையும் சின்னது என்று தள்ளவில்லை. கிட்டத்தட்ட 97,000 நூல்களை ஒரே இரவில் இழந்த ஊருக்கு அந்தப் பழக்கம் வந்தது நியாயம்.

ராஸ்பெரி பை 4க்கு 15 வாட் வேணும். சைக்கிள் டைனமோ ஒன்று தருவது 3 வாட். ஐந்து பேர் சேர்ந்து சுற்றினால் ஒரு ஸ்ட்ரீட் ஃபைற்றர், ஆனால் விளையாட ஆள் மிஞ்சாது. 2022இல் 13 மணித்தியால மின்வெட்டு வந்த நாட்டில் பவர்பாங்க் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கோ. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எஸ்டி காட் பழுதாகும். காட்டின் பிரதி ஒன்றையும் வேறு இடத்தில் வையுங்கோ, அதே வீட்டில் வேண்டாம்.