மரைக்காயர்: பெயருக்குள் ஒரு கப்பல்

பாட்டனார் காலத்துப் பத்திரங்களில் முழுமையாக எழுதப்பட்ட 'மரைக்காயர்' என்னும் பெயர், இன்று நம்மில் பலருடைய வீடுகளில் திருமண அழைப்பிதழோடு நின்றுவிடுகிறது. அதன் பொருளைப் பிள்ளைகள் கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

மரக்கலம் உடையோர் என்னும் தமிழ்ப்பொருளைச் சிலர் கொள்வர். கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லைச் சிலர் காட்டுவர். எவ்வழியே சென்றாலும் நாம் வந்து சேர்வது கப்பலிடமே.

பெயர் வழங்கும் ஊர்களும் இதற்குச் சான்று. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை எனப் பெரும்பாலும் கடற்கரையூர்களே. மக்களும் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபினர். இப்பெயர் இலங்கையில் 'மரிக்கார்', கேரளத்தில் 'மரக்கார்' என வழங்குகிறது. கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரக்கார்கள் போர்த்துக்கீசியரை எதிர்த்து நின்றனர். நான்காமவர் 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார். கப்பல் வணிகத்தால் ஈட்டிய பொருளைப் புலவர்க்கும் வறியவர்க்கும் வழங்கியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி.

ஆக, இப்பெயர் நம் முன்னோரின் தொழிலைச் சொல்கிறதே அன்றி உயர்வைச் சொல்லவில்லை. குதிரையோடு தொடர்புடைய ராவுத்தர் என்னும் பெயரும் அவ்வாறே. இதை மறந்து, சம்பந்தம் பேசுகையில் "அவர்கள் வேறு, நாம் வேறு" என்கிறோம். குலங்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்கிறது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம். பெயரைக் காப்போம்; பெருமையடிப்பதை விடுவோம்.