ஒரு தொலைபேசி எண்ணின் பத்து மீட்டர் பயணம்

பாம் டிஎக்ஸ் கையடக்கக் கருவியில், ஏற்கெனவே இருக்கும் ஒரு பெயரின் பதிவில், யாரோ ஒருவர் புதிய தொலைபேசி எண் ஒன்றை எழுதிச் சேர்க்கிறார். அந்த நொடியிலேயே அந்தப் பதிவின்மேல் ஒரு சின்னக் குறி ஏறிவிடுகிறது: இது புதிது, கணினிக்கு இன்னும் தெரியாது. எண் இனி கணினிக்குப் போய்ச் சேர வேண்டும்.

இந்தக் கருவியின் முன்னோர்களுக்கு இந்தப் பயணம் சுலபம். 1996இல் வந்த முதல் பைலட்டுக்குத் தொட்டில் ஒன்று உண்டு, பெயரே அதுதான். கருவியை அதில் உட்காரவைத்து ஹாட்சிங்க் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் போதும், எல்லாம் கேபிள் வழியே இறங்கிவிடும். மரக்கட்டை ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தே கருவியின் அளவை முடிவுசெய்த ஜெஃப் ஹாக்கின்ஸ் உருவாக்கியது வேறெப்படி இருக்கும்!

கேபிள் இல்லாத வழி வந்ததும் வம்பும் வந்தது. 2002இன் பாம் கருவியான டங்ஸ்டன் டி புளூடூத்தோடு வந்தது. எட்டும் தூரம் சுமார் பத்து மீட்டர். ஆனால் புளூடூத் இங்கே பழைய சீரியல் கேபிளாக வேஷம் கட்டுகிறது. கணினியில் இல்லாத ஒரு காம் போர்ட்டை, அதாவது சீரியல் கேபிள் செருகும் வாசலை, இருப்பதாகக் காட்டி, அதற்கொரு எண்ணும் தருகிறது. அது காம் 7 என்று வைத்துக்கொள்வோம். கணினியில் இயங்கும் ஹாட்சிங்க் மேனேஜரோ காம் 1இன் வாசலில் காத்துக்கொண்டிருக்கும். ஜோடி சேர்ந்தாயிற்று என்று இரண்டு பக்கமும் சொல்லும். நம் எண் மட்டும் வந்து சேராது. ஆட்கள் பேட்டரியை மாற்றுவார்கள், கருவியைக் கணினிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார்கள், ரீசெட் செய்வார்கள். கோளாறு காற்றில் இல்லை. மேனேஜரின் அமைப்பில் அந்த ஒரு போர்ட் எண்ணை மாற்றினால் கதவு திறந்துவிடும்.

2005இல் வந்த டிஎக்ஸில் வைஃபையும் உண்டு. அந்த வழியில் போனால் தட்ட வேண்டிய கதவின் எண் 14238. 2004 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 ஃபயர்வாலைத் தானாகவே இயக்கி வைத்தது. தெரியாதவர் தட்டினால் அது பதிலே சொல்லாது. கருவி காத்திருந்து காத்திருந்து, இணைப்பு கிடைக்கவில்லை என்று கைவிரிக்கும். ஹாட்சிங்குக்கு விலக்கு கொடுத்த பிறகும் வரவில்லையா? ரவுட்டர் கணினிக்குப் புது ஐபி முகவரி கொடுத்திருக்கும். கருவி நேற்றைய வீட்டைத் தேடி அலையும். மேனேஜரில் ‘நெட்வொர்க்’ என்ற இடத்தில் டிக் போட மறந்தவர்களும் உண்டு.

வேடிக்கை பின்னால் நடந்தது. 64 பிட் விண்டோஸுக்கு பாம் நிறுவனம் யுஎஸ்பி டிரைவர் தரவே இல்லை. கேபிளை நம்பியிருந்தவர்கள், அதுவரை திட்டித் தீர்த்த புளூடூத்திடமே திரும்பி வந்தார்கள்.

எண் ஒருவழியாகக் கணினிக்குள் வருகிறது. குறி அழிகிறது. இதற்கிடையில் கணினியிலும் யாராவது அதே பதிவைத் திருத்தியிருந்தால், ஹாட்சிங்க் பஞ்சாயத்துக்குப் போகாது, இரண்டையும் வைத்துக்கொள்ளும். பெயர் ஒன்று, எண்கள் இரண்டு. எது சரி என்று அழைத்துத்தான் பார்க்க வேண்டும்.