ஒரு பாறை, ஒரு நதி, சில முகமூடிகள்: கேம்ப்பெல் ரிவர் போன கதை

இந்த எபிசோடை ஒரு ஊரிலிருந்து ஆரம்பிக்கிறேன். கனடாவின் மேற்கே, வான்கூவர் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது கேம்ப்பெல் ரிவர். வான்கூவர் பக்கத்திலிருந்து நனைமோவுக்கு ஃபெர்ரியில் ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டர் காரில் போகணும். ‘உலகத்தின் சால்மன் தலைநகரம்’ என்று இந்த ஊர் தன்னைச் சொல்லிக்கொள்கிறது.

நான் போனது ஆகஸ்ட் மாசம். மீன்பிடிக்கவென்றே கட்டிய ஒரு பாலம் கடலுக்குள் நீண்டு போகிறது, 1987-இல் திறந்தது. தாத்தா பாட்டி முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை தூண்டிலோடு நிற்கிறார்கள். தலைக்கு மேலே வெண்தலைக் கழுகு. எதிரே குவாட்ரா தீவு. நடுவில் ஓடுகிற கடல், ஒரு ஆறு மாதிரியே ஓடுகிறது. நம்மூர் மீனவர்கள் ‘நீவாடு’ என்பார்களே, அந்த நீரோட்டம் இங்கே கண்ணுக்கு முன்னால் தெரிகிறது.

சும்மா ஊர் சுற்றத்தான் போனேன். ஆனால் மூன்று நாள் முடிந்து திரும்பும்போது மனசில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: மனிதர்கள் ‘இது தடை’ என்று நினைத்து அகற்றியதில் எதெல்லாம் திரும்பி வரும், எதெல்லாம் வராது?

முதலில் பாறை. ஊருக்கு வடக்கே சீமோர் நேரோஸ் என்று ஒரு குறுகலான கடல்வழி. கடல் ஏறும்போதும் வத்தும்போதும் நீரோட்டம் மணிக்கு 15 கடல் மைல் வரை போகும். அதன் நடுவில் தண்ணிக்கடியில் இரட்டைச் சிகரமுள்ள ஒரு மலை இருந்தது. பெயர் ரிப்பிள் ராக். வத்தம் இருக்கும்போது அதன் உச்சி மூன்று மீட்டர் ஆழத்தில்கூட இல்லை. 1875-இல் அமெரிக்கக் கடற்படையின் சரனாக் கப்பல் அதில் மோதி மூழ்கியது. அதற்குப் பிறகு நூறுக்கும் மேற்பட்ட கப்பல்களும் படகுகளும் சேதமாயின, நூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

1943-லும் 1945-லும் மிதவையை நிறுத்தி மேலிருந்து துளை போடப் பார்த்தார்கள். நீரோட்டம் விடவில்லை. கடைசியில் வேறு வழி யோசித்தார்கள். பக்கத்திலிருந்த மாட் தீவிலிருந்து கீழே இறங்கி, கடலடியில் குறுக்கே சுரங்கம் வெட்டி, மலையின் வயிற்றுக்குள் ஏறினார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் வேலை. 1,200 டன்னுக்கும் அதிகமான வெடிமருந்து. 1958 ஏப்ரல் 5, காலை 9:31. கனடா முழுக்க டிவியில் நேரலையாகப் பார்த்தார்கள். அணுகுண்டு அல்லாத, திட்டமிட்டு நடத்திய வெடிப்புகளில் அதுவரை மிகப் பெரியவற்றில் ஒன்று அது.

காட்டுக்குள் நாலு கிலோமீட்டர் நடந்து, அந்த இடத்தை மேலேயிருந்து பார்த்தேன். பார்க்க ஒன்றுமே இல்லை. சுழித்து ஓடுகிற தண்ணி, அதன் மேல் நிதானமாகப் போகிற ஒரு பெரிய கப்பல். இந்தத் தடையை அகற்றியதில் எனக்கு எந்த வருத்தமும் வரவில்லை. நூறு உயிர் போன இடம் அது. அகற்றியது சரிதான்.

ஆனால் அதே 1958-இல் அதே ஊர்ப் பக்கம் இன்னொரு வேலையும் முடிந்தது. அங்கேதான் கதை சிக்கலாகிறது.

ஊருக்குப் பெயர் கொடுத்த கேம்ப்பெல் நதியின் குறுக்கே 1947-இல் ஜான் ஹார்ட் அணை, மின்சாரத்துக்காக. 1958-இல் இன்னும் மேலே ஸ்ட்ராத்கோனா அணை. ‘அணை வந்து சால்மன் வழியை அடைச்சுடுச்சு’ என்றுதான் நானும் நினைத்தேன். தப்பு. எல்க் அருவி அங்கே ஆதியிலிருந்தே இருக்கு. அதற்கு மேல் சால்மன் எப்போதுமே ஏறியதில்லை. அருவிக்குக் கீழே உள்ள சில கிலோமீட்டர்தான் அதன் வீடு.

அப்படியானால் பாதிப்பு எப்படி? சரளைக் கல் வழியாக. பெண் சால்மன் ஆற்றுப்படுகையில் வாலால் குழி பறித்து, சரளைக்குள் முட்டையிட்டு மூடும். வழக்கமாக வெள்ளம் பழைய சரளையை அடித்துக்கொண்டு போனாலும், மேலேயிருந்து புதுசு வந்து சேரும். அணை கட்டினால் மேலேயிருந்து வருவது நின்றுவிடும், போவது மட்டும் போய்க்கொண்டே இருக்கும். வருஷங்கள் போகப் போக முட்டையிட இடமில்லாமல் பெருங்கல் மட்டும் மிஞ்சும். மின்நிலையம் திடீரென்று நின்றால் ஆற்றில் தண்ணி குறைந்து குஞ்சுகள் கரையில் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் இருந்தது.

இந்த நதிக்கரையில்தான் ரோடெரிக் ஹெய்க்-பிரவுன் வாழ்ந்தார். இங்கிலாந்தில் 1908-இல் பிறந்தவர். எழுத்தாளர், தூண்டில் பிரியர், உள்ளூர் மாஜிஸ்திரேட். ஸ்ட்ராத்கோனா அந்த மாகாணத்தின் முதல் பூங்கா, 1911-லேயே ஒதுக்கப்பட்டது. அதற்குள் இருக்கும் பட்டில் ஏரியின் மட்டத்தை அணைக்காக உயர்த்தக் கூடாது என்று 1950-களில் அவர் போராடினார். தோற்றுப்போனார். ஏரி உயர்ந்தது. அவர் 1976-இல் இறந்தார். ஆனால் அவர் கேட்ட கேள்வி அவரோடு போகவில்லை. 1974-இல் கிளை நதியான குவின்சமில் மீன்குஞ்சு பொரிப்பகம் வந்தது. பிறகு ஆற்றில் சரளையைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பழைய மின்நிலையத்துக்குப் பதிலாக வந்த புதிய நிலையத்தில், மின் உற்பத்தி நின்றாலும் ஆற்றுக்குத் தண்ணி போகிற மாதிரி வழி வைத்திருக்கிறார்கள். இயற்கை இலவசமாகச் செய்த வேலையை இப்போது காசு கொடுத்துச் செய்கிறோம்.

சாயங்காலம் முகத்துவாரத்தில் டையீ பூல் என்கிற இடத்தைப் பார்த்தேன். முப்பது பவுண்டுக்கு மேல் எடையுள்ள சினூக் சால்மனுக்கு ‘டையீ’ என்று பெயர். உள்ளூர் வணிகமொழியில் தலைவன் என்று அர்த்தம். 1924-இல் தொடங்கிய டையீ கிளப்பின் விதி ரொம்பக் கண்டிப்பு: மோட்டார் கூடாது, துடுப்புப் படகுதான். உண்மை இரை கூடாது. எதிர்முள் இல்லாத ஒற்றைக் கொக்கி. மெல்லிய நரம்பு. மீனுக்கும் தப்பிக்க ஒரு வாய்ப்பு கொடுக்கணும் என்பதுதான் கணக்கு. மோட்டார் சத்தமே இல்லாமல் இருட்டப்போகும் நேரத்தில் அந்தப் படகுகள் நகர்வதைப் பார்ப்பதே ஒரு அனுபவம்.

கடைசி நாள், பத்து நிமிஷ ஃபெர்ரியில் குவாட்ரா தீவுக்குப் போனேன். கேப் மட்ஜ் கிராமம். 1792-இல் கேப்டன் வான்கூவர் இங்கே இறங்கியபோது சாலிஷ் மொழி பேசும் மக்கள் இருந்தார்கள். பிறகு வடக்கிலிருந்து லிக்வில்டாக் மக்கள் வந்து குடியேறினார்கள். ஆக, ‘ஆதியிலிருந்து’ என்ற சொல்லை இங்கேயும் யோசித்துத்தான் பயன்படுத்தணும்.

இந்தக் கரை மக்களின் பெரிய சடங்கு பாட்லாட்ச். கல்யாணம், பெயர் சூட்டல், சாவு எதுவானாலும் ஊரைக் கூட்டி, ஆடிப்பாடி, இருப்பதை வாரி வழங்குவது. கொடுக்கக் கொடுக்கத்தான் மரியாதை. சேர்த்து வைப்பதே முன்னேற்றம் என்று நம்பிய அரசுக்கு இது புரியவில்லை. 1885 முதல் சட்டப்படி தடை. 1921 டிசம்பரில் வில்லேஜ் தீவில் டான் கிரான்மர் நடத்திய பெரிய பாட்லாட்சுக்குப் பிறகு பலர் மேல் வழக்கு. முகமூடிகளையும் செம்புத் தகடுகளையும் ஒப்படைத்தால் தண்டனையில் சலுகை என்றார்கள். ஒப்படைத்தவை அருங்காட்சியகங்களுக்குப் போயின. கொஞ்சம் நியூயார்க் சேகரிப்பாளர் ஒருவருக்கு விற்கப்பட்டது.

1951-இல் சட்டத்திலிருந்து தடை நீங்கியது. ஆனால் பொருட்கள் உடனே வரவில்லை. ‘அருங்காட்சியகம் கட்டினால் தருகிறோம்’ என்று நிபந்தனை. தங்கள் சொத்தை வாங்க, அவர்களே கட்டிடம் கட்ட வேண்டியிருந்தது! 1979-இல் கேப் மட்ஜில் ஒன்று, 1980-இல் அலெர்ட் பேயில் ஒன்று திறந்தார்கள். முகமூடிகள் வீட்டுக்கு வந்தன. எல்லாம் இல்லை, சில.

அந்தக் கூடத்தில் நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். பாறை உயிர் குடித்தது, அதனால் உடைத்தார்கள், நியாயம். நதியும் சடங்கும் யார் உயிரைக் குடித்தன? தடை என்று பெயர் வைப்பது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கு. பெயர் வைத்தவர்கள் அந்த ஆற்றுமீனைச் சாப்பிட்டு வாழ்ந்தவர்களும் இல்லை, அந்த முகமூடியைப் போட்டு ஆடியவர்களும் இல்லை.

சால்மன் கடலில் சில வருஷம் திரிந்துவிட்டு, பிறந்த ஆற்றின் வாசனையைப் பிடித்துத் திரும்பி வரும். முட்டையிடும், செத்துப்போகும். அதன் உடல் கரடிக்கும் கழுகுக்கும் கரையோரத்து மரத்துக்கும் உரம். அது திரும்பி வருவது அதன் இயல்பு. ஆனால் வந்து சேர சரளை இருக்கணும். முகமூடி திரும்பி வரும்போதும் அதைப் போட்டு ஆடத் தெரிந்த ஒருத்தர் இருக்கணும். அந்த இரண்டையும் காப்பாற்றி வைத்தவர்கள் இருந்ததால்தான் இன்றைக்கு அந்த ஊருக்குப் போய்ப் பார்க்க ஏதோ இருக்கிறது.

நீங்கள் போனால், பாலத்தில் நின்று மீன் பிடியுங்கள், தப்பில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிஷ ஃபெர்ரியையும் ஏறிவிடுங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.